அணிலுக்கு எட்டாம் நாள்

எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். அவள் ஓர் அணில்.

மகளுக்கு மூன்று வயதில் ரீவியில் தொடங்கிய அந்தக் கார்ட்டூன், அவளுக்கு ஒன்பது வயதாகும்வரை ஓடியது. மரப்பொந்தில் ஓர் அணில் குடும்பம்: அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். தாய் அணிலுக்குக் கந்தோர் வேலை இல்லை, களைப்பு இல்லை. பிள்ளை பாலைக் கொட்டினாலும் "பரவாயில்லடா கண்ணா" என்று இந்தியத் தமிழில் குழைவாள். ஆறு வருடமாக ஒரே சட்டை, அதில் ஒரு கறை கிடையாது. அவளுக்கென்ன, யாரோ எழுதிக் கொடுத்ததைப் பேசுகிறவள்!

நான் டவுனில் கந்தோர் வேலை முடிந்து ஸ்கூட்டியில் இணுவிலுக்கு வந்துசேர ஐந்தரை ஆகிவிடும். கார்ட்டூனும் ஐந்தரைக்குத்தான். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "இண்டைக்குப் பள்ளிக்கூடத்திலை என்ன நடந்தது?" என்று கேட்பேன்.

"பொறுங்கோ அம்மா, துவங்கியிட்டுது" என்பாள், திரும்பியும் பாராமல்.

கரண்ட் போகும் நாட்களில் எனக்கு உள்ளூரச் சந்தோசம். கரண்ட் போகாத ஒரு நாள் நானே மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை என்றேன். பக்கத்து வீட்டு ரேடியோ காட்டிக்கொடுத்துவிட்டது.

அதனால், தொடர் முடியப்போகிறது என்று கேள்விப்பட்டதும் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்தேன். கடைசி நாளன்று அணில்கள் மூட்டை கட்டிக்கொண்டு, கையசைத்தபடி மலைக்கு அப்பால் போய்விட்டன. மகள் அழவில்லை.

"இனி வரமாட்டினமோ?" என்று மட்டும் கேட்டாள்.

"வரமாட்டினம்" என்றேன். குரலில் இருந்த மகிழ்ச்சியை மறைக்க நான் பெரிதாகப் பாடுபடவில்லை.

இனி ஐந்தரை மணி என்னுடையது என்று நினைத்தேன். அவளோ அந்த நேரத்துக்குப் போய், போடாத ரீவியின் முன்னால் குந்தியிருந்தாள்.

எட்டாம் நாள் நான் வந்தபோது ரீவியின் முன்னால் வாழையிலை விரித்திருந்தது. சில மாதங்களுக்கு முன் கணவரின் பெரியப்பா காலமாகி, எட்டாம் நாளில் அவருக்குப் பிடித்த மீன்பொரியலையும் சுருட்டையும் இலையில் படைத்ததை அவள் பார்த்திருந்தாள். இங்கே அப்பா அணிலுக்குக் கச்சான் கடலை, பிள்ளை அணில்களுக்கு பிஸ்கற். நடுவில், தாய் அணிலுக்கு, மாம்பழத்தின் இரண்டு பக்கச் சதையும் வெட்டி வைத்திருந்தது. கறுத்தக்கொழும்பான். அரிசி வாளிக்குள் நான் பழுக்க வைத்திருந்த ஒரே பழம்.

"அவை செத்துப்போகேல்லையடி!"

"இனி வரமாட்டினம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அப்ப எட்டுச் செய்யவேணுமெல்லோ?"

நான் சிரித்திருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. போன பிறகும் என் வீட்டில் முதற்பங்கு அவளுக்கா?

"நான் செத்தால் எனக்கு என்ன படைப்பாய்?" என்று கேட்டுவிட்டேன். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது?

அவள் யோசிக்கவே இல்லை. குசினிக்குள் ஓடிப்போய், கோப்பையால் மூடி வைத்திருந்த மாங்கொட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இதுதான். உங்களுக்கெண்டு எடுத்து வைச்சனான்."

"எனக்கும் சதைதான் விருப்பம், பிள்ளை."

"பொய். அப்பாவுக்கும் எனக்கும் துண்டைத் தந்திட்டு நீங்கள் கொட்டையைத்தான் சூப்புவியள். நான் எப்பவும் பாக்கிறனான்."

வாங்கிச் சூப்பினேன். மணி ஐந்தரை தாண்டியிருந்தது. ரீவிக்கு முதுகைக் காட்டியபடி நின்று, எனக்கு அது ருசிக்கிறதா என்று அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.