மூன்றாவது ப்ளைவுட்

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஃபிட்டரான இன்னாசிராஜ், குவார்ட்டர்ஸ் வாசலில் காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற சின்ன வண்டி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். மனைவி மரியபுஷ்பத்துக்கு முதுகு வலி. வழியில் நிறுத்தி நிறுத்திப் படுத்தெழுந்தால்தான் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போக முடியும்.

வண்டியின் முன்பக்கம் வளைவு. அதற்கு வாங்கிய மெல்லிய ப்ளைவுட் மூன்றில் இரண்டு, வளைக்கும்போதே முறிந்துவிட்டன. திருவிழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. மூன்றாவதும் போனால் இந்த வருஷம் பயணம் இல்லை.

"ரெண்டையும் கொன்னுட்டீங்க. புது பெல்ட்டையும் இப்படித்தான் ஒரேயடியா இழுப்பீங்களா?" என்றாள் மரியபுஷ்பம்.

"அதெப்படி? ஷிப்டுக்குக் கொஞ்சமாத்தான் டைட் வைப்போம்."

"அந்தப் பொறுமை வூட்டு வேலைக்குக் கிடையாதாக்கும்!"

அவர் மூன்றாவது பலகையை எடுத்து வைத்தார். வெந்நீரில் நனைத்த வேட்டியைப் பலகைமேல் போர்த்தினார். ஒரு விளிம்பைச் சட்டத்தில் திருகி, மறு விளிம்பைக் கயிற்றால் கட்டி, வேலைக்குப் போகுமுன் ஒரு சுற்று, வந்ததும் ஒரு சுற்று என்று இறுக்கினார்.

மூன்றாம் நாள் கடைசிச் சுற்றில் 'கிறீச்' என்றது. இன்னாசிராஜ் இறுக்குவதை நிறுத்தினார். குனிந்து பார்த்தார். கயிறுதான் உரசியிருந்தது. பலகை சட்டத்தோடு ஒட்டி, கீறல் இல்லாமல் வளைந்து நின்றது.

அவர் திருகு முடுக்கி முடித்ததும் மரியபுஷ்பம் மெல்ல உள்ளே ஏறிப் படுத்தாள்.

"காலை நல்லா நீட்ட முடியுதுங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

இன்னாசிராஜ் வாசற்படியில் உட்கார்ந்து, காலையிலேயே ஆறிப்போன காபியை முழுசாகக் குடித்தார்.