கடைசி வரிசையில் கும்சுன் அண்ணி

கொரியாவின் மேற்குக் கடற்கரையில், குன்சான் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், மீன் ஏலக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி, என் அண்ணி கும்சுன் ஒரு பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். அண்ணன் ஆழ்கடல் கப்பலில் போனால் திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேலாகும். எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை. அண்ணிக்குத் துணையாகத் தங்கிக்கொண்டு, வருகிறவர்களுக்குத் தலை அலசிவிடுவேன். எண்பதுகளின் கடைசி அது. தலைமுடியைச் சுருட்டிக்கொள்ளாத பெண்ணே ஊரில் கிடையாது. சுருள் மருந்தின் நெடியும், கரி அடுப்பின்மேல் கொதிக்கும் பார்லித் தண்ணீரின் வாசனையும் எங்கள் உடம்பிலேயே ஊறியிருந்தன. இப்போதும் எங்காவது அந்த மருந்து நெடி அடித்தால் என் கால்கள் தாமாக நின்றுவிடும்.

அண்ணிக்கு ஒரே பெண், சுல்கி. மூன்று வயதில் தெருவிலிருந்த கடைப் பலகைகளையெல்லாம் வாசித்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்லர் சுவரில் கடல் ஏற்ற இறக்க நேரங்கள் அச்சடித்த காலண்டர் ஒன்று தொங்கும். அதைச் சில மாதங்கள் பார்த்தவள், ஒருநாள் பார்க்காமலேயே அடுத்த மாதத்துக்கும் நேரம் சொன்னாள். தலை முழுக்கச் சுருள் குழாயோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள், "சுல்கி, நாளைக்குச் சிப்பி பொறுக்க எப்போ போகலாம்?" என்று கேட்பார்கள். அவள் சொன்ன நேரத்துக்குப் போனால் சேற்றுத் திட்டு வெளியே தெரியும்.

ஆனால் அவளோடு இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. காலுறையின் தையல் விரலில் பட்டுவிட்டால் தெருவே கேட்கும்படி அலறுவாள். வழக்கமாகப் போகிற பாதையை மாற்றினால் நடுரோட்டில் உட்கார்ந்துவிடுவாள். வாடிக்கைக்கு வந்த அம்மாள் ஒருத்தியிடம், "உங்க தலை பின்பக்கம் சப்பையா இருக்கு, சுருட்டினாலும் தெரியும்" என்றாள். அந்த அம்மாள் அதன் பிறகு எங்கள் பக்கமே வரவில்லை.

இரண்டாம் வகுப்பில் ஹான் டீச்சர் வந்தார். சின்ன வயது, முதல் வேலை, ஒரே அறையில் ஐம்பதுக்கு மேல் பிள்ளைகள். சுல்கி இடத்தில் உட்காரவில்லை, டீச்சர் கணக்குப் போடும்போது குறுக்கே திருத்துகிறாள், மணி அடித்தால் மேஜைக்கு அடியில் போய் ஒளிகிறாள் என்று வாரம் தவறாமல் புகார் வந்தது. பிறகு ஒரு மழைநாள் இடைவேளையில், சுல்கி அந்த வாரத்துக் கடல் நேரங்களைக் கரும்பலகை நிறைய எழுதி வைத்திருக்கிறாள். வகுப்புத் தலைவன் தோங்சு, பலகை துடைப்பது தன் முறை என்று அதை அழித்திருக்கிறான். இவள் பாய்ந்து அவன் கையைக் கடித்துவிட்டாள். பல் பதிந்து ரத்தம் வந்துவிட்டது. தோங்சுவின் அம்மா பெற்றோர் சங்கத்தில் பெரிய கை.

துணைத் தலைமை ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். அண்ணி என்னையும் அழைத்துக்கொண்டு போனாள்.

"சுல்கி அம்மா, பொண்ணு புத்திசாலி. இல்லைன்னு யாரும் சொல்லல" என்றார் அவர். "அதுக்காக அவளுக்குன்னு தனியா ஒரு பள்ளிக்கூடம் நடத்த முடியுமா? ஒரு வருஷம் வீட்டுல வெச்சுக்கோங்க. இல்லைன்னா ஜொன்ஜு ஊர்ல இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னே தனிப் பள்ளிக்கூடம் இருக்கு, அங்க சேருங்க."

ஹான் டீச்சர் ஜன்னலோரம் தலைகுனிந்து நின்றார்.

"கடிச்சது தப்பு சார்" என்றாள் அண்ணி. "அந்தப் பையன் வீட்டுக்குப் போய் நானும் மன்னிப்பு கேப்பேன், அவளையும் கேக்க வைப்பேன். ஆனா அவளை அனுப்பறதுக்கு முன்னாடி, ஒரு மாசம் என்னை அவ வகுப்புல உக்கார விடுங்க. வீட்டுல நான் பாக்கற பொண்ணு வேற மாதிரி இருக்கா. நீங்க சொல்ற பொண்ணை நான் பார்த்ததே இல்ல."

"ஒரு அம்மாவை விட்டா நாளைக்கு எல்லா அம்மாவும் வந்து நிப்பாங்க."

"வரட்டுமே சார். தலை கலைஞ்சவங்களை அப்படியே என் கடைக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

ஹான் டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு மெதுவாக, தனக்கும் பெரியவர் ஒருவர் கூட இருந்தால் உதவியாக இருக்கும் என்று சொன்னார். துணைத் தலைமை ஆசிரியர் அவரை முறைத்துப் பார்த்தார், ஆனால் மறுக்கவில்லை.

அன்று சாயங்காலமே தோங்சுவின் வீட்டுக்குப் போனோம். சுல்கி வாசலில் நின்று, கடித்தது தப்பு என்றாள். அதோடு நிறுத்தாமல், பலகையை அழித்ததும் தப்பு என்றாள். "பொண்ணைப் பெத்தியா, நாய்க்குட்டியைப் பெத்தியா?" என்று தோங்சுவின் அம்மா கேட்டாள். அண்ணி இன்னும் கொஞ்சம் குனிந்தாள். அந்த அம்மாள் வேறு பார்லருக்கு மாறினாள், கூடவே தன் சிநேகிதிகளையும் இழுத்துக்கொண்டு போனாள்.

மறுநாளிலிருந்து அண்ணி காலை வேளைகளில் வகுப்பின் கடைசி வரிசையில், பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கடையை நான் பார்த்துக்கொண்டேன். சுருள் வைக்கும் கலை எனக்கு இன்னும் கைவராத காலம். அந்த மாதம் குன்சானில் ஒரு பக்கம் மட்டும் சுருண்ட தலைகள் சில நடமாடின. எல்லாம் என் கைவண்ணம்.

அண்ணி முதலில் பார்த்தது, சுல்கி சும்மா இருக்க நேரும் நேரங்களை. டீச்சர் கணக்கை எழுதி முடிப்பதற்குள் இவள் போட்டுவிடுவாள். மற்றவர்கள் முடிக்கும்வரை வேலை இல்லை. நகத்தைக் கடிப்பாள், நாற்காலியை ஆட்டுவாள், விடையைக் கத்துவாள், அதற்கப்புறம்தான் ரகளை. இதைக் கண்டுபிடித்ததில் அண்ணிக்கு உற்சாகம். வீட்டுக்கு வந்து கைகால் ஆட்டி நடித்துக் காட்டினாள்.

ஆனால் ஒருநாள் சோறு போட்டு வைத்தும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் புனி என்று ஒரு பெண், எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறுகிறவள். அவள் எழுந்து வாசித்தபோது சுல்கி எல்லோர் முன்னாலும், "இதுகூடத் தெரியலையா? உன் தலைக்குள்ள சேறா இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். புனி அழுதிருக்கிறாள்.

"அவளுக்காகப் பேசணும்னுதான் அங்க போய் உக்காந்தேன், மியோக்" என்றாள் அண்ணி என்னிடம். "இன்னைக்கு அந்தப் புனி அம்மா என் இடத்துல உக்காந்திருந்தா என்ன பண்ணியிருப்பா?"

மாதம் முடிந்து நாங்கள் மறுபடியும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பேசினபோது அண்ணி எதையும் மறைக்கவில்லை. புனி விஷயத்தையும் தானே சொன்னாள். கணக்கு வேளைக்கு மட்டும் சுல்கியை ஐந்தாம் வகுப்புக்கு அனுப்ப வேண்டும், கோபம் ஏறுகிறபோது வெளியே குழாயடிவரை போய்வர விட வேண்டும் என்று கேட்டாள். "அடுத்த பிள்ளைங்களைக் கேலி பண்ணினா மட்டும் விடாதீங்க. மத்தவங்களுக்கு என்ன தண்டனையோ அதுதான் அவளுக்கும்" என்றாள். மணிச் சத்தத்துக்கு அவள் பயப்படுவதற்கு ஹான் டீச்சரே ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். மணி அடிக்கப் போகிறது என்று முன்கூட்டியே வகுப்பு முழுவதற்கும் சொல்லிவிடுவது. அது அண்ணிக்குத் தோன்றவே இல்லை.

துணைத் தலைமை ஆசிரியருக்கு ஒரே கவலைதான். "மேல் வகுப்புக்கு அனுப்பினா மத்த பெற்றோர் என்னைக் கேள்வி கேப்பாங்களே?"

"என்கிட்ட அனுப்புங்க சார். பாதிப் பேர் என் கடைக்கு வர்றவங்க. பேசும்போது கத்திரி என் கையில இருக்கும்."

அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு பருவம் பார்க்கலாம் என்றார்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அவளைக் கொசு என்று கூப்பிட்டார்கள். பலகையில் எழுத நாற்காலி போட்டு ஏறுவாள். முதல் வாரம் எல்லாவற்றையும் சரியாகப் போட்டு அவர்களை வெறுப்பேற்றினாள். அடுத்த வாரம் ஒருநாள் வரும்போதே பையைத் தரையில் அடித்தாள். தலையணையைக் குத்தினாள். விசாரித்தால், பின்னக் கணக்கு ஒன்றைத் தப்பாகப் போட்டுவிட்டாளாம். வகுப்பே கைதட்டிச் சிரித்ததாம். கணக்கில் அவள் வாழ்க்கையில் விட்ட முதல் தப்பு அது.

அண்ணி கடைக்குள் ஓடி வந்தாள். "தப்பா போட்டுட்டாளாம்!" என்று தலை காய்ந்துகொண்டிருந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். கூடையிலிருந்த, தக்காளி போன்ற சீமைப் பனிச்சைப் பழங்களை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தாள். என்ன விசேஷம் என்று யாருக்கும் புரியவில்லை. எனக்கும் அன்று புரியவில்லை. பழம் மட்டும் தேனாக இனித்தது.

அன்று ராத்திரி சுல்கி தாயின் மடியில் தலைவைத்து, "சிரிச்சா இங்க வலிக்குது" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "புனிக்கும் அங்கதான் வலிச்சிருக்கும்" என்றாள் அண்ணி. மறுநாள் சுல்கி புனியிடம் மன்னிப்பு கேட்டாளா என்றால், கேட்கவில்லை. ஆனால் மதிய உணவில் கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டிய தன் கிம்பாப்பில் இரண்டு துண்டைப் புனியின் டப்பாவில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டாள் என்று ஹான் டீச்சர் சொன்னார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். நான்காம் வகுப்பில் ஒரு ஜன்னல் கண்ணாடியை உடைத்தாள். நடுநிலைப் பள்ளியில் ஒரு வாத்தியாரை முகத்துக்கு நேராக முட்டாள் என்றாள். ஒவ்வொரு தடவையும் அண்ணி ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கிளம்பினாள்.

இதற்குள், பள்ளிக்கூடத்தில் பேசி வழி பண்ணுகிறவள் என்று அண்ணியைப் பற்றி ஊரில் பேச்சு பரவிவிட்டது. வாயே திறக்காத பையனின் அம்மா, எதையாவது திருடிக்கொண்டே இருக்கும் பெண்ணின் அம்மா என்று ஒவ்வொருத்தியாக வந்தார்கள். முடி வெட்டி முடிந்த பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அண்ணி புரிந்துகொண்டு பார்லித் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பாள். "நான் பேச மாட்டேன், பக்கத்துல உக்காந்திருக்கேன்" என்று சொல்லி அவர்களோடு பள்ளிக்கூடம் போவாள். போன இடத்தில் பேசாமல் இருந்ததே இல்லை. துணைத் தலைமை ஆசிரியர் அவளை ஜன்னல் வழியாகப் பார்த்ததுமே, இன்று யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டபடி தேநீர் கொண்டுவரச் சொல்வாராம்.

சுல்கி இப்போது பூசானில், கப்பல்களில் சரக்கை எப்படி அடுக்குவது என்று கணக்குப் போடும் வேலையில் இருக்கிறாள். அதிகம் பேச மாட்டாள். வருஷா வருஷம் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடுகிற வாரம் தவறாமல் வந்து, உப்பு அதிகம் என்று அம்மாவோடு சண்டை போடுவாள். பார்லர் இருந்த இடத்தில் காபிக் கடை வந்துவிட்டது. அண்ணிக்கு எழுபது தாண்டிவிட்டது. என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறாள்.

போன இலையுதிர் காலத்தில், முற்றத்தில் கிம்ச்சிக்காக முட்டைக்கோசுக்கு உப்பு தடவிக்கொண்டிருந்தபோது கேட்டேன், முதல் நாள் துணைத் தலைமை ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தபோது பயமாக இல்லையா என்று.

"பயப்பட எங்க நேரம்?" என்றாள். "பள்ளிக்கூட வாசல்ல, உள்ளே போட்டுக்கன்னு வெச்சிருந்ததுல நான் எடுத்து மாட்டின செருப்பு ரெண்டும் இடது கால் செருப்பு. அவர் பாத்துடுவாரோன்னு காலை மறைக்கறதுலயே இருந்தேன்."

சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே அடுத்த கோசை என் பக்கம் உருட்டிவிட்டாள்.