அம்மாவின் பரீட்சையில் நான் ஏற்றிய கற்பூரம்

பிள்ளைகளே, நீங்கள் மாம்பழ சீசனுக்குப் பங்காருபாளையம் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது இங்கே சித்தூரில் உங்கள் அப்பா நான் செய்ததைச் சொல்கிறேன். திருப்பதி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துகொண்டே உங்கள் அம்மா ஆன்லைனில் மேல்படிப்பு படிக்கிறாள் அல்லவா? அவசரமில்லை, நம் வசதிக்குப் படிக்கலாம். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஒரு பாடத்தை முடித்துவிட்டு, அன்று தன் முதல் பரீட்சைக்கு உட்கார்ந்தாள்.

அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, கேமரா வழியாக ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார் என்பது எனக்குத் தெரியாது. கண் பட்டுவிடுமே என்று தட்டில் கற்பூரம் ஏற்றிப் போய் அம்மாவுக்குச் சுற்றினேன். லேப்டாப்பில் பரீட்சை அப்படியே நின்றது. “யார் அந்த ஆள்? எதற்கு நெருப்பு?” என்று ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் அதட்டியது.

“இன்னாங்க பண்ணிக்கினு கீறீங்க? பரீட்சைய கேன்சல் பண்ணா மொதல்லேர்ந்து படிக்கணும்!” அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

“கண்ணு படக்கூடாதுன்னுதாம்மா...” என்றேன் நான்.

அதையே அம்மா ஆங்கிலத்தில் சொல்லி, லேப்டாப்பைத் தூக்கி அறை முழுவதும் காட்டினாள். அந்தக் குரல் சிரித்துவிட்டது.

“தொடரலாமாம். நீங்க மொதல்ல வெளிய போங்க, சாமி!” என்றாள் அம்மா.

பாஸாகிவிட்டாள். இப்போதெல்லாம் பரீட்சை என்றால் எது கூடாது என்று முன்பே கேட்டுக்கொள்கிறேன். அந்த முதல் பரீட்சைக்கு மறுநாளே, அவள் டியூட்டிக்குப் போனதும், லேப்டாப் இருந்த இடத்தில் என் போனை நிறுத்தி, கேமராவில் எதுவரை தெரிகிறது என்று பார்த்தேன். அறை வாசலுக்கு வெளியேயும் கொஞ்ச தூரம் தெரிந்தது. அது முடியும் இடத்தில், அடுத்த பரீட்சையின்போது நான் தாண்டக் கூடாதென்று, கோலமாவால் ஒரு கோடு இழுத்தேன்.