ஒன்றுமில்லாத நாற்பது ஜிபி

ஆஸ்பத்திரியின் பணியாளர் பதிவேட்டில் அவளைப் பற்றி இப்படி இருக்கிறது: "தரவுத்தள நிர்வாகி. டிஸ்க்கில் துளி இடமும் வீணாகாமல் காப்பவர். நிதான சுபாவம்."

எழுதியவர் அவளைப் பார்த்ததில்லை போலும். திரையிலேயே எல்லாம் தெரியும்போதும், கால்மணிக்கு ஒருமுறை எழுந்து சர்வர் அறைக்குப் போய்வருவாள். ஆய்வகத்துக்காரர்கள் அவளுக்கு 'கடிகாரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இடத்தைக் காத்த லட்சணமும் அப்படித்தான். நோயாளியின் விவரம், ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் திரையில் அட்டவணையாகத் தெரிந்தாலும், அடியில் அவை டிஸ்க்கில் கிடக்கும் கோப்புகள்தாம். எது எந்த டிஸ்க்கில் என்பது அவள் முடிவு. டிஸ்க் நிரம்பினால் கோப்பு வளராது. ஆய்வகத்தால் ஒரு முடிவைக்கூடப் பதிய முடியாது. ஆகவே நாற்பது ஜிபிக்கு வெறும் பூஜ்யங்களால் ஒரு கோப்பை நிரப்பி, 'தொடாதே' என்று பெயரிட்டுப் போட்டுவைத்திருந்தாள். நெருக்கடியில் அதை அழித்து மூச்சு விடலாம்.

புதிய மேலாளர் கண்ணில் அது பட்டது.

"ஏம்மா, இதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லாததுக்கு நாப்பது ஜிபியா?"

"ஒண்ணுமில்லாம இருக்கறதுதான் சார் அதோட வேலை."

"நல்ல வேலை, எனக்கும் ஒண்ணு பாத்துக் குடுங்க. இப்பவே அழிங்க, நான் பாக்கணும்."

அழித்தாள். கிடைத்த இடத்தில் எக்ஸ்ரே படங்களைப் போட்டுக்கொள்ளச் சொல்லி மேலாளர் ஆணையிட்டார். புது டிஸ்க் வர இன்னும் ஒரு வாரம் இருந்தது.

அந்த வாரம் கால்மணி என்பது ஐந்து நிமிடமானது. வீட்டிலும் நிலைகொள்ளவில்லை. கணவர் ஃப்ரிட்ஜைத் திறந்தபடி கேட்டார், "கீழ்த் தட்டு காலியாத்தானே கெடக்கு, தக்காளிய அங்க வைக்கவா?"

"வச்சீங்க, கைய ஒடிச்சிடுவேன்."

"அங்க என்னதான் வரப்போகுது?"

"தெரியாது. தெரிஞ்சா எதுக்கு எடம் விடணும்?"

வியாழக்கிழமை காலை பதினொன்றுக்கு எக்ஸ்ரே படங்கள் டிஸ்க்கை விளிம்புவரை நிரப்பின. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டும். எந்தப் பையை ஏற்றலாம் என்ற முடிவு திரையில் பதியவில்லை. ஆய்வகத்துக்காரர் அதைத் தாளில் எழுதிக்கொண்டு மாடிப்படிகளில் ஓடினார். ஆய்வகத்தில் இன்னும் முப்பது ரத்த மாதிரிக் குழாய்கள் வரிசையில் நின்றன.

மேலாளர் வியர்த்துப்போய் வந்தார். "எதையாவது அழிங்கம்மா!"

"எத சார்? எல்லாமே யாரோ ஒருத்தரோட ரத்தம்." சொல்லிக்கொண்டே அவள் 'பழைய வருகைப் பதிவேடு' என்ற கோப்பை அழித்தாள். இருபது ஜிபி விடுபட்டது. குழாய்களின் முடிவுகள் ஒவ்வொன்றாய்ப் பதிந்தன.

"ஐயோ, வருகைப் பதிவேடு போச்சா?"

"அதுலயும் ஒண்ணுமில்ல சார்."

மேலாளர் திரையை எட்டிப் பார்த்தார். "அன்னைக்கு என் முன்னாடி அழிச்சீங்களே?"

"அழிச்சேன் சார். நீங்க டீ குடிக்கப் போனப்புறம் இத வச்சேன். பாதிதான். பேரு மரியாதையா இருந்தா யாரும் தொட மாட்டாங்க."

அடுத்த வாரம் புது டிஸ்க் வந்தது. எக்ஸ்ரே கோப்புகளை அதற்கு மாற்றினாள். மாற்றுமுன் புதியதிலும், மாற்றியபின் பழையதிலும் நாற்பது ஜிபி வெற்றுக் கோப்பு ஒவ்வொன்று வைத்தாள்.