சீனியம்மாளின் துவைகல்

கொச்சியில் மட்டாஞ்சேரிக் குளத்துத் தண்ணீருக்குப் பட்டா கிடையாது. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து மூன்று தலைமுறையாக ஊர் அழுக்கைத் துவைத்த குடும்பங்களுக்கு ஒரே சட்டம்தான்: எவருடைய துவைகல் தண்ணீரில் கிடக்கிறதோ, அதைச் சுற்றிய தண்ணீர் அவருடையது. கல் கரையேறினால் உரிமையும் கரையேறிவிடும். திருடியவனின் கல்லைத் தூக்கிக் கரையில் போட்டால் போதும்; மறுவாரம் ஊரைவிட்டே போய்விடுவான். போலீஸ் செலவு மிச்சம்.

சீனியம்மாளின் கல் மாமியார் வழி வந்தது. பதினாறு வயதில் அதன்முன் நின்றவள், வெலிங்டன் தீவுக் கப்பல்காரர்களின் வெள்ளை உடுப்பை நாற்பது வருஷம் அதில் அடித்தாள். புருஷன் இடையில் செத்தான். பிள்ளை இல்லை. கல் இருந்ததால் கஞ்சி இருந்தது.

1978இல் குளத்தையும், பாரம்பரியத் தொழிலாளரின் நீருரிமையையும் ஒருசேரக் காக்கும் திட்டம் வந்தது. சுற்றுச்சுவர், சிமெண்டுத் தொட்டிகள், தொட்டிக்கொரு நம்பர். நம்பர் இல்லாதவருக்குத் தண்ணீர் இல்லை. காப்பதென்று இறங்கியவர்கள் அரைகுறையாகக் காக்கமாட்டார்கள்.

அடிக்கல் நாட்டு விழாவுக்கு நாலு நாள்தான் இருந்தது, கல் வந்துசேரவில்லை. திருப்பூணித்துறையிலிருந்து பஸ்ஸில் வரும் ஓவர்சியர் ராமபத்ரன் குளத்தைச் சுற்றிவந்தார். சீனியம்மாளின் கல்லில் அவர் கண் நின்றது. துணி பட்டுப் பட்டுக் கண்ணாடியாகியிருந்தது. இழைப்புக்கூலி மிச்சம், எழுத்து வெட்டினால் போதும்.

சலவைத் தொழிலாளர் சங்கச் செயலாளர் ஒச்சப்பன் அவளுக்குக் கொழுந்தன். அவன் தூது வந்தான்.

"மதினி, மந்திரி கை வைக்கிற கல்லு. நம்ம குடும்பத்துக்கே பெருமைல்லா?"

"கல்ல எடுத்தா தண்ணி போயிரும்னு ஒனக்குத் தெரியாதாக்கும்?"

"கல்லு எங்க போவுது? கொளத்து வாசல்லயே நிக்கும். அப்புறம் ஒன்ன எவன் அசைப்பான்?"

பெருமை அவளையும் விடவில்லை. கல்லுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து அனுப்பினாள். விழாவில் அவளுக்கு ஒரு சாயாவும் பழம்பொரியும் கிடைத்தன. கல்லில் ஏழு பெயர். கடைசிப் பெயர் ஒச்சப்பன். மந்திரியின் வேட்டியில் சிமெண்டு தெறித்ததால் அதைத் துவைக்கும் பாக்கியமும் அவளுக்கே. பக்கத்துக் கல்லை இரவல் வாங்கித் துவைத்தாள்.

அடுத்த வாரம் நம்பர் கொடுக்க ராமபத்ரன் வந்தார்.

"உன் கல்லு எவிடே?"

"வாசல்ல இருக்கு சாரே. நீங்கதான எடுத்தீங்க?"

"அது சர்க்கார் கல்லாக்கும். தண்ணியிலே கிடக்கறதை எண்ணத்தான் எனக்கு உத்தரவு."

சீனியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். தன் இடத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றாள்.

"இந்தா நிக்கேன். எண்ணுங்க."

"லிஸ்டிலே கல்லுன்னு இருக்கு, ஆளுன்னு இல்லையே! நான் என்ன செய்யட்டும்?" ராமபத்ரனுக்கு உண்மையிலேயே வருத்தம். நேர்மையான மனிதர். "சித்தெ தள்ளி நில்லு. பின்னாலே ஒரு கல்லு மறையறது."

திரும்பிப் பார்த்தாள். புதுக் கல். முந்தின நாள் ஒச்சப்பன் தன் மருமகனுக்காக இறக்கியது.

"எடத்தச் சும்மா போடக்கூடாதுல்லா மதினி," என்றான் கரையில் நின்ற ஒச்சப்பன். "நம்ம சட்டந்தான?"

துவைப்புச் சத்தம் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு மறுகரையிலிருந்து ஒருத்தி கத்தினாள்: "ஏக்கா, வெளிய வா! தண்ணி கலங்குது!"

வந்தாள். சத்தம் மறுபடி தொடங்கியது. மருமகனுக்கு இருபத்தேழாம் நம்பர் கிடைத்தது.

ஆபீசுக்கும் இரக்கம் உண்டு. அடிக்கல்லில் காக்கை எச்சமிடுவதாகப் புகார் வந்ததும், துடைக்கும் வேலையை அவளுக்கே கொடுத்தார்கள். நம்பர் இல்லாததால் குளத்துத் தண்ணீர் தொடக்கூடாது. தெருக்குழாயில் வரிசை நின்று வாளியில் கொண்டுவர வேண்டும். முதல் நாள், கைப்பழக்கத்தில், ஈரத்துணியை முறுக்கி ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டாள்.

"அம்மே, அடிக்கல்லே, அடிக்காதே! எழுத்து தேஞ்சு போகும்!" என்று காவல்காரன் ஓடிவந்தான்.

"எத்தன நாள்ல தேயும்?"

"உன் ஆயுசுல தேயாது," என்று சிரித்தான். அதில் பொய் இல்லை. ஏழு வருஷம், சாகும்வரை, துடைத்தாள். ஓர் எழுத்தும் மங்கவில்லை. காக்கைகளுக்கு என்ன கணக்கோ, ஒச்சப்பன் பெயர்மேல்தான் அதிகம் எச்சமிட்டன. அதை அவள் இரண்டு தடவை துடைக்க வேண்டியிருந்தது. ஏழு பெயரில் அதுதான் பளபளவென்று இருந்தது.