மரண அறிவித்தலில் விடுபட்ட பெயர்

எங்கள் வானொலியை அடுத்த மாதம் மூடுகிறார்கள். அதற்கொரு நினைவு மலர் போடவேண்டுமாம், வரலாற்றை நான்தான் எழுதித் தரவேண்டுமாம். இத்தனை வருடம் வாசித்த வாய்க்கு ஓய்வு கிடைக்கும் என்று பார்த்தால், இப்போது கைக்கு வேலை. சரியான அலுப்பு எனக்கு.

வரலாறு பெரிதாக ஒன்றுமில்லை. ஊரைவிட்டு இந்தக் குளிர்நாட்டுக்கு வந்த புதிதில், பார்க்டேலில் ஓர் அறைக்குள் ஐந்து பேர் படுத்த காலத்தில், வெள்ளைக்காரரின் கிராமியப் பாட்டான கன்ட்ரி இசை போடும் வானொலிக்காரர் ஞாயிறு காலையில் எங்களுக்கு ஒரு மணி நேரம் வாடகைக்குத் தந்தார்கள். அவர்களுடைய கிற்றார் பாட்டு ஓய்ந்ததும் நான் வணக்கம் சொல்வேன். எங்கள் சனம் தமிழைத் தவறவிடக்கூடாதென்று அரை மணிக்கு முன்னமே வானொலியைப் போட்டுவிட்டுக் குந்தியிருக்கும். அப்படியே குதிரை, லொறி, ஓடிப்போன மனைவி என்று அந்தப் பாட்டெல்லாம் எங்கள் ஆட்களுக்குப் பாடமாகிவிட்டது. பிறகு வெக்ஸ்போர்ட்டில் ஒரு பிளாசாவின் மேல்மாடிக்கு வந்தோம். எங்களைக் கேட்பதற்கென்றே ஒரு தனி வானொலிப் பெட்டி விற்றார்கள், வீட்டுக்கு வீடு அது குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. இப்போது பெட்டியும் இல்லை, எல்லாம் கைபேசிக்குள் போய்விட்டது. மலருக்கு இவ்வளவு காணும்.

மலரில் போடமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டே மிச்சத்தை எழுதுகிறேன்.

எங்களை வாழவைத்தது பாட்டல்ல, மரண அறிவித்தல். காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை. அது தொடங்கினால் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நிற்பார்கள். பிறந்த ஊர், வசித்த ஊர், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாக வாசிக்கவேண்டும். ஒருமுறை கண் தவறி ஒரு மருமகனை விட்டுவிட்டேன். மனிசன் கலையகத்து வாசலுக்கே வந்து என்னைக் கிழி கிழியென்று கிழித்தார். அன்றிலிருந்து, குடும்பம் எழுதித் தந்தபடிதான் வாசிப்பது, ஒரு பெயர் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று முதலாளி சட்டம் போட்டார். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். சட்டம் இருந்தால் யோசிக்கத் தேவையில்லையே.

போன மாசியில் ஒரு காலை, ஒரு தாயாரின் அறிவித்தலை வாசித்துவிட்டு வீணை இசையைப் போட்டேன். உடனே தொலைபேசி அடித்தது, ஒரு பெண்.

"அண்ணை, இப்ப வாசிச்சது என்ர அம்மா. அவவுக்கு நாலு பிள்ளையள். நீங்கள் மூண்டு பேரைத்தான் வாசிச்சனீங்கள்."

எனக்கு அந்த மருமகன்தான் ஞாபகம் வந்தார். தாளைப் பார்த்தேன். மூத்த மகனில் தொடங்கி மூன்று பெயர்கள்தான் இருந்தன. அப்பாடா, பிழை என்னுடையதல்ல. அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"தங்கச்சி, வீட்டுக்காரர் தந்ததைத்தான் நாங்கள் வாசிக்கலாம். உங்கட அண்ணரோட ஒருக்காக் கதையுங்கோவன்."

"நான் சேர்ச்சுக்குப் போற வேதக்காரரைக் கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து அண்ணா என்னோட கதைக்கிறேல்லை."

"அப்ப அம்மா மோசம்போய்க் கண்ணை மூடினதை ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"நீங்கள்தான் அண்ணை. இப்ப சொன்னியள்."

எத்தனையோ பேரின் சாவை வாசித்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு முன்னமே தெரியும், நாங்கள் ஊருக்குச் சொல்கிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். மில்லிக்கனிலிருந்து கதைப்பதாக அந்தப் பெண் சொன்னார். அழவுமில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. சண்டை பிடித்திருந்தால் எனக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும்.

"என்ர பேரைச் சேர்க்கச் சொல்லிக் கேக்கேல்லை அண்ணை. கடைசியில 'உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்' எண்டு வாசிச்சனீங்கள்தானே. நான் நண்பர் எண்டு சொல்லிக்கொண்டு செத்தவீட்டுக்குப் போய் அம்மாவைப் பாக்கலாமோ?"

போம்மா, ஆர் மறிக்கிறது பார்ப்பம் என்று சொல்லியிருக்கலாம். நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றும் சொல்லியிருக்கலாம், காரில் இருபது நிமிடம்தான். நான் சொன்னது இதுதான்:

"இசை முடியப்போகுது தங்கச்சி. வைக்கிறன்."

மத்தியானம் அதே தாளை எடுத்து மறுபடி வாசித்தேன். அவர் கேட்டுக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். மூன்று பெயர்களைத்தான் வாசித்தேன்.