டொக்டர் என்ற சொல்லின் மேல் ஒரு சிவப்புக் கோடு

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், நாங்கள் சுவிட்சர்லாந்தின் கூர் நகரில் இருந்தபோது நடந்தது இது. நான் ஒரு ஹோட்டலில் அறைகளைத் துப்புரவு செய்யும் வேலையில் இருந்தேன். மகளுக்குப் பதினான்கு வயது. அந்த வருடம்தான் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஆங்கிலம் தொடங்கியிருந்தது.

தொழில்களின் பெயர்கள் அடங்கிய தாள் ஒன்றைப் பாடமாக்கக் கொடுத்திருந்தார்கள். நான் உடுப்புகளை அயர்ன் பண்ணிக்கொண்டே கேட்பேன், அவள் சொல்வாள். பிளம்பர், பேக்கர், நர்ஸ், ஆர்க்கிடெக்ட் என்று போகும். கேட்டுக் கேட்டு எனக்கும் பாடமாகிவிட்டது. ஹோட்டல் வரவேற்பு மேசை வேலைக்கு ஆங்கிலம் உதவும் என்ற ஆசையும் எனக்குள் இருந்தது.

தாளின் கடைசியில் ஒரு வாக்கியத்தை நிரப்ப வேண்டும். படிப்பு முடிந்ததும் நான் என்னவாக விரும்புகிறேன் என்பது. அவள் டொக்டர் என்று எழுதினாள். எங்கள் ஆட்கள் பிள்ளைகளை டொக்டராக்கத் துடிப்பவர்கள்தான், ஆனால் சத்தியமாக நான் வாயே திறக்கவில்லை.

இரண்டு நாளில் தாள் திரும்பி வந்தது. டொக்டர் என்ற சொல்லைச் சிவப்பு மையால் வெட்டி, மேலே நர்சிங் அசிஸ்டன்ட் என்று எழுதியிருந்தார் ஆசிரியர். எழுத்துப் பிழை எதுவும் இல்லை. பக்கத்து மேசைப் பிள்ளை விண்வெளிக்குப் போகப்போவதாக எழுதியதற்குச் சரி போட்டிருந்தாராம்! எனக்குக் கோபம் உச்சிவரை ஏறியது. ஆங்கிலம் படிப்பிக்கிறவருக்கு என் பிள்ளையின் ஆசையைத் திருத்தும் வேலையை யார் கொடுத்தது? அடுத்த மாதம் கிம்னாசியம் என்ற மேற்படிப்புப் பள்ளிக்கு யாரை அனுப்பலாம் என்று ஆசிரியர்கள் பரிந்துரைக்கப் போகிறார்கள். இந்தச் சிவப்பு மை அங்கேயும் போனால் அவள் கதை முடிந்தது.

கணவருக்கு வேலை. எனக்குத் தெரிந்த டொய்ச் என்ற ஜெர்மன் மொழியோ படுக்கை விரிப்பையும் துவாயையும் தாண்டாது. அதனால் மகளையே கூட்டிக்கொண்டு ஆசிரியரிடம் போனேன். அந்தக் காலத்தில் வைத்தியரிடம் போனாலும், விசா அலுவலகத்துக்குப் போனாலும் எங்களுக்குப் பிள்ளைகள்தான் மொழிபெயர்ப்பாளர்கள். அதில் ஒரு பிழை இருப்பதாக எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

ஆசிரியர் கை கொடுத்து, உட்காரச் சொல்லி, மிகவும் அன்பாகத்தான் பேசினார். மகள் எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தாள்.

"அம்மா, அது எனக்குச் சரிவராதாம். எங்கட வீடு மாதிரி வீட்டுப் பிள்ளையள் பெரிசா ஆசைப்பட்டால் பிறகு ஏமாந்து போவினமாம்."

"கணக்குக்கு ஆறுக்கு ஐஞ்சரை எடுத்த பிள்ளை எண்டு சொல்லு!"

சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே இன்னும் நீளமாகக் கதைத்தார்.

"கணக்கு மட்டும் காணாதாம். தமிழ் ஆக்கள் வயதுபோனவையைப் பொறுமையாப் பாப்பினமாம். அந்த வேலைதான் எனக்குப் பொருத்தமாம். வீட்டில எனக்குப் படிப்பில உதவி செய்யக்கூடிய ஆக்கள் இல்லைத்தானே எண்டு கேக்கிறார்."

"இதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருக்கிறியோ? உனக்கு வாயில்லையோ?" என்று கத்தினேன். ஆசிரியரை அல்ல, என் மகளை.

"அவர் சொல்லுறதைத்தானே அம்மா நான் சொல்லுறன்" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தன்னை மட்டம் தட்டிய ஒவ்வொரு சொல்லையும் அந்தப் பிள்ளை ஒரு முறை டொய்ச்சில் கேட்டு, மறுமுறை தன் வாயாலேயே தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். போதாததற்கு என்னிடம் ஏச்சும் வாங்கினாள்.

"காணும் பிள்ளை, இனி நீ ஒண்டும் சொல்லாதை" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அயர்ன் பண்ணும்போது படித்த ஆங்கிலம்தான் கைகொடுத்தது. "யூ டீச் இங்கிலிஷ். ஷீ சூஸ் ஜொப்" என்றேன். அவர் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. அடுத்த முறை கணவரைக் கூட்டி வரச் சொன்னார். அதையும் மகள்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது, பாவம்.

அடுத்த கிழமை, டொய்ச் நன்றாகத் தெரிந்த ஒரு அண்ணையைக் கூட்டிக்கொண்டு நேரே தலைமை ஆசிரியரிடம் போனேன். மகளை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனேன். நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு அவளை நுழைவுப் பரீட்சை எழுத விட்டார்கள். எழுதினாள், கிம்னாசியத்துக்கும் போனாள். பிறகு டொக்டர் ஆசையை அவளே விட்டுவிட்டு, ஆய்வுகூட வேலையைத் தேர்ந்தெடுத்தாள்.

அந்த ஆசிரியரை நினைத்தால் எனக்கு இன்றும் கொதிக்கும். ஆனால் அவர் பேசியதை என் மகள் வாயால் எனக்குச் சொல்ல வைத்தது நான்தான், அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் எந்த மொழியிலும் வாய் வரவில்லை.